உஷார்! போடி மலையின் பச்சையை நம்பி ஏமாறாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகையில் கொட்டகுடி ஆற்றில் செந்தண்ணீர் புரண்டு வரும். அணைப்பிள்ளையார் அணை நிறைந்து வழியும். ஊரே திரண்டு போய்ப் பார்க்கும், செல்போனில் படம் பிடிக்கும். "இந்த வருஷம் தண்ணிக்குப் பஞ்சமில்லப்பா" என்று டீக்கடையில் பேச்சு நடக்கும். போடி மக்களே, அந்தப் பேச்சை நம்பித்தான் நாம் ஏமாறப்போகிறோம். வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்பது ஒரு கணக்கே இல்லை. மழை விட்ட பிறகு எத்தனை நாள் ஆற்றில் தெளிந்த தண்ணீர் ஓடியது, தை போய் மாசி போய் பங்குனியில் மலையடிவாரத்து முந்தலுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதுதான் கணக்கு. கோடையில் நாம் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

செந்தண்ணீர் வருகிறது என்றால் மலையின் மேல்மண் வருகிறது என்று அர்த்தம். விறுவிறுவென்று பெருகி, விறுவிறுவென்று வடிந்துபோகிற ஆற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டும். மேலே சரிவில் மழையைப் பிடித்துவைக்கிற எதையோ நாம் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கொட்டகுடி ஆறு சின்ன ஆறுதான். குரங்கணிக்கு மேலே, டாப் ஸ்டேஷன், கொழுக்குமலைப் பக்கத்து உச்சிகளின் கிழக்குச் சரிவில் ஊற்றும் ஓடையுமாகப் பிறக்கிறது. முந்தலில் சமவெளியைத் தொட்டு, போடியை ஒட்டி ஓடி, தேனிப் பக்கம் முல்லையாற்று நீரோடு கூடி வைகைக்குப் போகிறது. போடி நகராட்சியின் குடிநீர் இந்த ஆற்றை நம்பியது. மேலச்சொக்கநாதபுரம், அணைக்கரைப்பட்டிப் பக்கத்து வயல்களும், மீனாட்சிபுரத்து மீனாட்சியம்மன் கண்மாயும், பங்காருசாமி கண்மாயும் இதன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்குக்கு 1895லிருந்து பெரியாறு அணை இருக்கிறது. கொட்டகுடி ஆற்றுக்கு மேலே அப்படிப் பெரிய அணை எதுவும் கிடையாது. மலை பிடித்துவைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அந்த மலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். உள்ளே முழுக்க சார்னோக்கைட் என்னும் கெட்டிக் கருங்கல். பொட்டிப்புரத்தை ஒட்டிய போடி மேற்கு மலையை நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணமே அந்தப் பாறையின் கெட்டித்தனம்தான். அந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு பேச்சு. நமக்கு இங்கே வேண்டிய சேதி ஒன்றே ஒன்று: இப்படிப்பட்ட பாறைக்குள் தண்ணீர் தேங்க இடமில்லை. பாறைக்கு மேலே கிடக்கும் மண், அதன் அடியில் இற்றுப்போன பாறைப்பொடி, அங்கங்கே உள்ள வெடிப்புகள், இவ்வளவுதான் இந்த மலைக்கு வாய்த்த தொட்டி. சில இடத்தில் ஆள் ஆழம், சில இடத்தில் முழங்கால் ஆழம். ஐப்பசி மழையை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் சொட்டுச் சொட்டாக விடுவது அந்தத் தொட்டிதான். மேல்மண்தான் அதன் வாய். வாய் அடைந்துபோனால் வானமே இடிந்து கொட்டினாலும் தொட்டி நிறையாது.

சோலைக்காட்டுக்குள் ஒருமுறை கால் வைத்துப் பாருங்கள். பாதம் அமுங்கும். மேலே காய்ந்த சருகு, அதற்குக் கீழே பாதி மக்கிய சருகு, அதற்கும் கீழே கறுத்த மண். விரலை விட்டால் முட்டி வரைக்கும் தடையில்லாமல் இறங்கும். மண்புழு போன வழி, செத்த வேர் விட்டுப்போன ஓட்டை, கறையான் துளைத்த துளை என்று மண் முழுக்க வழிகள். அங்கே மழை நேராக மண்ணை அடிப்பதில்லை. மேல்கிளை, நடுக்கிளை, புதர், பாசி, சருகு என்று நாலைந்து இடத்தில் வேகம் இழந்துதான் தரைக்கு வருகிறது. அடைமழையிலும் அந்தத் தரையில் தண்ணீர் ஓடிப் பார்ப்பது அபூர்வம். மழையே இல்லாத நாளிலும் உச்சியில் மஞ்சு மூடும்போது கிளைகள் அதை வடித்துச் சொட்டுகின்றன. திறந்த வெளியில் வைத்த மழைமானியில் அந்தச் சொட்டு ஏறாது. ஆற்றில் ஏறும்.

இப்போது அதே சரிவில் பக்கத்துத் தோட்டத்துக்கு வாருங்கள். மரம் நிற்கிறது, ஆனால் கிளை கழிக்கப்பட்டு, உச்சியில் ஒரு கொத்து இலையோடு நிற்கிறது. அடியில் புல்பூண்டு கிடையாது, களைக்கொல்லி அடித்தாயிற்று. மருந்தடிக்கவும் காய் பறிக்கவும் ஆட்கள் திரும்பத் திரும்ப நடந்த தடத்தில் மண் இறுகிக் கிடக்கிறது. விரலை அழுத்தினால் நகம்தான் வலிக்கும். ஒரு மழைக்கு அந்தத் தடமே வாய்க்கால். அரை மணி நேரத்தில் தண்ணீர் ஓடைக்கு வந்துவிடும், மண்ணையும் உரத்தையும் மருந்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. போடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற கண்ணுக்கு இரண்டு சரிவும் ஒரே பச்சைதான். ஆற்றுக்கு இரண்டும் ஒன்றில்லை.

ஏலம் காட்டுப் பயிர். 1897ல் திருவிதாங்கூர் அரசு ஏலமலையைக் காப்புக்காடாக அறிவித்த காலத்தில் ஏலம் விளைந்தது பெரிய மரங்களின் அடர்ந்த நிழலில். அடிப்புதரை மட்டும் வெட்டிவிட்டு, மரத்தை நிறுத்தி, அதன் கீழே செடி வைத்தார்கள். மகசூல் குறைவு, ஆனால் காடு பெரும்பாலும் காடாகவே நின்றது, ஊற்றும் ஊற்றாகவே இருந்தது. மேற்குத்தொடர்ச்சி மலையில் மனிதன் செய்த விவசாயங்களில் தண்ணீருக்கு மிகக் குறைவாகக் கெடுதல் செய்தது பழைய ஏலத்தோட்டம்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இன்று நடப்பதைப் பார்த்து மனசு பதறுகிறது.

1990களில் கட்டப்பனைப் பக்கத்து விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஞள்ளானி ரகம் மலையெங்கும் பரவியது. மகசூல் பல மடங்கு ஏறியது, எத்தனையோ குடும்பம் தலைநிமிர்ந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஞள்ளானிக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், உரம் கூடுதலாக வேண்டும், தை முதல் வைகாசி வரை தண்ணீரும் வேண்டும். வெளிச்சத்துக்காகக் கிளை கழிந்தது. நாட்டு மரம் செத்த இடத்தில் சட்டென்று வளரும் சில்வர் ஓக் வந்தது. தண்ணீருக்காக ஓடையில் குழாய் இறங்கியது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த விலையைக் கண்ணால் பார்த்தபிறகு யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? காபி நின்ற இடத்தில் ஏலம், ஓடைக்கரையில் விட்டுவைத்த புதரிலும் ஏலம் என்று ஆகிவிடுகிறது.

ஏலமலையில் பெரும்பகுதி உடும்பஞ்சோலைப் பக்கம் கேரளத்தில் இருக்கிறது, அங்கே பெய்கிற மழை பன்னியாறு வழியாக மேற்கே பெரியாற்றுக்குப் போகிறது, அதற்கும் கொட்டகுடி ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சம்பந்தம் இருக்கிறது. அந்தத் தோட்டங்கள் பலவற்றின் உடைமைக்காரர்கள் போடியில் இருக்கிறார்கள். விடிவதற்கு முன்னால் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுகிற பெண்கள் போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். ஏலக்காய் விலைபோகிற இடங்களில் போடியும் ஒன்று. மேலே கற்ற வேலையைத்தான் எல்லைக்கு இந்தப் பக்கம் குரங்கணி, கொட்டகுடி, வடக்குமலைச் சரிவுகளிலும் செய்கிறோம். அதைவிடப் பெரிய சம்பந்தம் மழை. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்ட ஆய்வின்படி, தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் பெய்கிற மழையில் 25 முதல் 40 சதவீதத்துக்கான ஈரம் மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகள் இலை வழியாக மூச்சுவிட்ட ஈரம். பருவம் பொய்க்கிற வருஷத்தில் அந்தப் பங்கு இன்னும் கூடி 50 சதவீதம் வரை போகிறது. மேற்கே மரம் விழுந்தால் கிழக்கே மேகம் மெலிகிறது. மாநில எல்லைக்கல் மேகத்துக்குத் தெரியாது.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நல்ல மனசுக்காரர்கள் பலர் இந்த இடத்தில்தான் தப்புச் செய்கிறார்கள். "மரம் வைத்தால் தண்ணீர் வரும்" என்று சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாதிதான் சரி. மரம் தண்ணீரைக் குடிக்கவும் செய்கிறது. எந்த மரம், எந்த மண்ணில், எத்தனை வயசில் என்பதைப் பொறுத்து ஆற்றுக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சிறு ஓடைகளை எடுத்துக்கொண்டு, சில வருஷம் இரண்டையும் அப்படியே அளந்துவிட்டு, பிறகு ஒன்றின் நீர்ப்பிடிப்பில் மட்டும் மரத்தை வெட்டியோ நட்டோ மாற்றி, இரண்டின் வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் கோவீட்டாவில் 1934லிருந்து இந்த வேலை நடக்கிறது. அங்கே இலையுதிர் காட்டை வெட்டிவிட்டு வெள்ளைப் பைன் நட்ட சரிவில், 15 வருஷத்துக்குள் ஓடைநீர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. உலகம் முழுக்க நடந்த 94 சோதனைகளை 1982ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நீர்ப்பிடிப்பில் பத்துச் சதவீதப் பரப்பில் பைனோ யூகலிப்டஸோ கூடினால் வருஷத்துக்குச் சுமார் 40 மில்லிமீட்டர் அளவு நீர் ஓடையில் குறைகிறது என்று கணக்கு வந்தது. மில்லிமீட்டர் என்றதும் அற்பமாகத் தோன்றும். நூறு ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் 40 மில்லிமீட்டர் என்றால் நாலு கோடி லிட்டர். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்ற நகராட்சிக் கணக்கில் எண்ணூறு பேருக்கு ஒரு வருஷத் தண்ணீர்.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் நீலகிரிக்கு வாருங்கள். பைக்காரா அருகே கிளன்மார்கனில், உதகையில் உள்ள மத்திய மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் தலா 32 ஹெக்டேர் அளவிலான இரண்டு வடிநிலங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் புல்வெளியும் சோலையுமாக இருந்தவை. 1972ல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் தைல மரம், அதாவது யூகலிப்டஸ், நட்டார்கள். முதல் பத்து வருஷச் சுற்றில் ஓடைநீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் தூரிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு நாலில் ஒரு பங்கானது. கோடையில் ஊறிவருகிற தண்ணீரும் அதே அளவுக்கு அடிவாங்கியது. நம் தமிழ்நாட்டு மலையில், நம் மழையில், நம் ஆட்கள் அளந்த கணக்கு இது. குரங்கணி உச்சியில் புல்வெளியைப் பார்த்து "சும்மா கிடக்கிறதே, மரம் நடலாமே" என்று கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தப் புல்வெளி சும்மா கிடக்கவில்லை. குறைவாகக் குடித்துவிட்டு மிச்சத்தை ஆற்றுக்கு விடுகிற நிலம் அது.

அப்படியானால் மரத்தையெல்லாம் வெட்டினால் ஆற்றில் தண்ணீர் கூடுமா? மொத்தக் கணக்கில் கூடும். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டுதான் சிலர் வெட்டுக்கு நியாயம் பேசுகிறார்கள். உஷாராக இருங்கள், இது அரைகுறைக் கணக்கு. கூடுகிற தண்ணீர் எப்போது வருகிறது என்று கேளுங்கள். மண் இறுகாமல், சருகு கலையாமல் வெட்டினால் கோடையிலும் கொஞ்சம் கூடலாம். நம் சரிவுகளில் அப்படி எங்கே நடக்கிறது? வெட்டுகிறோம், ஜேசிபி விட்டுப் பாதை கீறுகிறோம், தீ வைக்கிறோம், மாடு ஆடு விடுகிறோம், மருந்தடிக்கிறோம். மண்ணின் வாய் அடைபடுகிறது. கூடுகிற தண்ணீர் முழுக்க ஐப்பசி வெள்ளமாக வைகைக்குப் போய்விடுகிறது, பங்குனிக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், இதே மேற்குத்தொடர்ச்சி மலையில், இயற்கைக் காடு, சீரழிந்த காடு, அகேசியா தோப்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். சீரழிந்த நிலத்தில் மழையோடு மழையாக ஓடிப்போகிற நீர் கூடுதல். நின்று ஊறி மெல்ல வருகிற நீர் இயற்கைக் காட்டில் கூடுதல். சீரழிந்த நிலத்தில் அகேசியாவை நட்டதால் இயற்கைக் காடு செய்கிற வேலை திரும்பிவிடவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்குத் தண்ணீர் தரும் மலைகளில் 1939 ஜனவரியில் பெருந்தீ. பழைய மரங்கள் எரிந்து, இளங்காடு அடர்ந்து வளர்ந்தது. வளரும் வயசில் அந்த மரங்கள் குடித்த குடியில், இருபது முப்பது வருஷம் கழித்து ஓடைநீர் ஏறக்குறைய பாதியானது. பழைய நிலைக்குத் திரும்ப நூறு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வயசான காட்டை அழித்துவிட்டு "அதற்குப் பதிலாகப் பத்து மடங்கு நாற்று நட்டோம்" என்று யாராவது கணக்குக் காட்டினால் கைதட்டாதீர்கள். ஆறு அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளாது.

டாப் ஸ்டேஷனிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் வட்டவடை இருக்கிறது. கேரளத்தின் காய்கறி மேடு. அங்கே மலைச்சரிவெல்லாம் யூகலிப்டஸும் வாட்டிலும் ஏறின. ஓடைகள் வற்றின, காய்கறி விவசாயம் தடுமாறியது, பிறகு அந்த மரங்களை அகற்றுவது பற்றி அரசே பேசவேண்டி வந்தது. நட்டவர்களுக்குக் காசு வந்ததும் உண்மை, தண்ணீர் போனதும் உண்மை. அதே மரங்கள் நம் பக்கம் இறங்கி வருவதற்கு ஒரு மேடுதான் குறுக்கே நிற்கிறது.

கீழ்ச்சரிவின் கதை வேறு. முந்தலுக்கு மேலே இலவமும் மாவும் புளியும் எலுமிச்சையும் இருக்கின்றன. இடையிடையே ஆள் உயரப் புல். மாசி பிறந்தால் அங்கே தீ. 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் கொடுமையை ஊர் மறக்காது. ஆனால் யாரும் சாகாத தீயை நாம் செய்தியாகக்கூட எடுத்துக்கொள்வதில்லை. தீயில் சருகு போகிறது, மண்ணைப் பிடித்திருந்த புல்வேர் பலவீனப்படுகிறது, சாம்பல் மண்ணின் துளைகளை அடைக்கிறது. அடுத்து விழுகிற சித்திரைக் கோடைமழை மொட்டைச் சரிவில் நேரடியாக அடித்து மண்ணை உரித்துக்கொண்டு போகிறது. அரை விரற்கடை மண் உருவாக எத்தனையோ தலைமுறை ஆகிறது. ஒரு மழைக்கு அது அணைப்பிள்ளையார் அணைக்குள் வண்டலாக வந்து படுத்துக்கொள்கிறது.

ஓடைக்கரையில் நடப்பதும் இதே கணக்கில் சேரும். பங்குனியில் ஏதாவது ஒரு தோட்டத்து ஓடையோரம் மேலே நடந்து பாருங்கள். பாறைகளுக்கிடையே கறுப்புக் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் வாயிலும் வலைத்துணி கட்டி, மேலே கல் வைத்து, ஊற்றின் கண்ணிலேயே சொருகியிருக்கும். எல்லாம் போய்ச் சேருவது தோட்டத்துப் படுதாக் குளத்துக்கு. ஓடைக்கு மிஞ்சுவது பாறையை நனைக்கிற ஈரம். அந்த மிச்சத் தண்ணீரில் மருந்து கழுவிய டிரம்மும் கழுவப்படுகிறது என்றால், கீழே குடிக்கிறவர்கள் கதி என்ன? வெள்ளக்காலத்தில் கரைந்து காணாமல் போகிற விஷம் கோடையில் கரைய இடமில்லாமல் கெட்டியாகிறது. மேலே காய் பறித்துவிட்டுப் பொழுது சாயத் திரும்பும் பெண்தான் போடியில் குழாய்க்கு முன்னால் குடத்தோடு காத்திருக்கிறாள். அவள் வேலை பார்த்த தோட்டத்து ஓடைதான் அவள் குடத்துக்கு வரவேண்டியிருக்கிறது.

தோட்டக்காரர்கள் சொல்கிற பதில் எனக்குத் தெரியும். கூலி ஏறிவிட்டது, உரம் ஏறிவிட்டது, விலை ஒரு வருஷம் போல் இன்னொரு வருஷம் இல்லை, கிளை கழிக்காவிட்டால் காய் பிடிக்காது. எல்லாம் உண்மை. உங்களைத் திருடர்களாக்க நான் எழுதவில்லை, உங்களுக்காகவும்தான் எழுதுகிறேன். 2024 கோடையில் மழை தள்ளிப்போய் வெயில் ஏறியபோது இடுக்கி மாவட்டத்தில் ஏக்கர் ஏக்கராக ஏலச்செடி கருகியதைப் பார்த்தோம். லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியும் தோட்டத்தைக் காப்பாற்ற முடியாமல் உட்கார்ந்தவர்கள் உண்டு. ஊற்று போனால் முதலில் போவது கீழே இருக்கிற போடி இல்லை, மேலே இருக்கிற உங்கள் தோட்டம்தான்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. நாள் கடத்தாமல் செய்தால் பலிக்கும். படுதாக் குளத்தை ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள், மாசி ஊற்றில் கை வைக்காதீர்கள். ஓடையின் இரு கரையிலும் ஒரு பட்டை நிலத்தை நாட்டு மரத்துக்கும் புதருக்கும் விட்டுவிடுங்கள், அங்கே மருந்து வேண்டாம், மண்வெட்டி வேண்டாம். கிளையைக் கழிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரே மூச்சில் மொட்டையடிக்காதீர்கள், கழித்த இலையைத் தரையிலேயே பரப்புங்கள். களைக்கொல்லியை விட்டுவிட்டு அரிவாளால் அறுத்துப் போடுங்கள், வேர் மண்ணில் இருக்கட்டும். மரம் செத்த இடத்தில் சில்வர் ஓக்குக்குப் பதில் பலா, சந்தனவேம்பு மாதிரி அந்த மலையிலேயே வளர்கிற மரத்தை வையுங்கள்.

உங்கள் தோட்டத்து மண்ணின் வாய் திறந்திருக்கிறதா என்று தெரிய ஆய்வகம் வேண்டாம். காலி பெயிண்ட் டின்னின் அடியை வெட்டியெடுங்கள். சோலைக்குள் ஓரிடத்தில் நாலு விரற்கடை ஆழத்துக்கு அதை அடித்து இறக்கி, முதலில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்துவிடுங்கள். பிறகு அடுத்த லிட்டர் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். அதே டின்னைத் தோட்டத்து நடைத்தடத்தில் வைத்து அதே மாதிரி பாருங்கள். இரண்டு நேரத்தையும் எழுதி வைத்து, அடுத்த வருஷம் அதே இடத்தில் அதே மாதத்தில் மறுபடி பாருங்கள். நேரம் நீண்டுகொண்டே போனால் ஊற்றின் ஆயுள் குறைகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அரசாங்கத்திடம் கேட்கவேண்டியதும் உண்டு. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது வைகையின் முதன்மை நீர்ப்பிடிப்புக்குக் காவல் கிடைத்தது என்று மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் கொட்டகுடி ஆறு பிறக்கும் குரங்கணிச் சரிவு அந்த எல்லைக்குள் வரவில்லை. தமிழ்நாட்டில் 1949ன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1955ன் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஏட்டில் இருக்கும் சட்டம் சரிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆற்றின் குறுக்கே அணை வேண்டும் என்ற கோரிக்கை போடியில் அவ்வப்போது எழுகிறது. நீர்ப்பிடிப்பைச் சீர்செய்யாமல் அணை கட்டினால் சில பருவத்திலேயே வண்டல் நிரம்பிவிடும். முதலில் மேலே, பிறகு கீழே என்று வரிசையை மாற்றாதீர்கள்.

கூலி வேலையைக் கெடுக்காமலே இதைச் செய்ய முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. தென்னாப்பிரிக்கா 1995ல் ஆற்றுநீரைக் குடிக்கும் அந்நிய மரங்களை வெட்டியெடுக்கும் வேலையை ஏழைகளுக்கான வேலைத் திட்டமாகவே ஆக்கியது. சிக்கிமில் 2008லிருந்து, வற்றிப்போன ஊற்றுகளுக்கு மேலே சரிவில் குழிகளும் வரப்புகளும் வெட்டி மழையை மண்ணுக்குள் இறக்கி, பல ஊற்றுகளை மறுபடி ஓடவைத்திருக்கிறார்கள். அங்கேயும் மண்வெட்டி பிடித்தது ஊர்க்காரர்கள்தான். உண்ணிச்செடியும் வாட்டிலும் பிடுங்க, தீத்தடுப்புக் கோடு வெட்ட, ஊற்றுக்கு மேலே குழி வெட்ட போடியில் கைகளுக்குப் பஞ்சமில்லை. மலையில் எந்த ஊற்று எந்த மாதம் வற்றும் என்று முதுவாக்குடி முதுவர்களுக்கும் பளியர்களுக்கும் தெரியும். அவர்களைச் சுமை தூக்கவும் வழிகாட்டவும் மட்டும் கூப்பிடாமல் இந்த வேலைக்குத் தலைமை தாங்கக் கூப்பிடுங்கள்.

வருகிற மார்ச் 22 கிராம சபைக்குக் கட்டாயம் போங்கள். உலகத் தண்ணீர் நாளும் அதுதான், ஆறு மெலிந்துகிடக்கிற நேரமும் அதுதான். கொட்டகுடி ஊராட்சியிலும் போடி ஒன்றியத்தின் மற்ற ஊராட்சிகளிலும் மூன்று தீர்மானம் கேளுங்கள். ஒன்று, ஊராட்சிக்குள் இருக்கும் ஒவ்வொரு ஊற்றையும் ஓடையையும் பெயரோடு பதிவேட்டில் ஏற்றி, 15 லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று மாதம் ஒருமுறை அளந்து எழுதுவது. இரண்டு, முந்தல் பாலத்தூணில் அளவுகோல் வரைந்து தினமும் காலையில் நீர்மட்டத்தைக் குறித்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப்போடுவது. மூன்று, அந்தப் பதிவேட்டில் உள்ள ஊற்றுகளுக்கு மேலே உள்ள சரிவில் தைல மரம், வாட்டில் நடவோ புதுப் பாதை கீறவோ ஊராட்சி ஒப்புதல் தராது என்பது. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.